ஈத்-0 எங்கே போனது?



போன பதிவைப் படித்துவிட்டு மதுரைச் சின்னம்மா, "கொஞ்சம் சுருக்கமா எழுதக் கூடாதாடி, கண்ணு வலிக்குது" என்றார்கள். இதுவும் நீளம்தான் சின்னம்மா. ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்ல இவ்வளவு இடம் தேவைப்படுகிறது. இரண்டு மூன்று தடவையாகப் படியுங்கள்.

2010-ஆம் வருடம் ஐப்பசி மாதம். எங்கள் நடுநிலைப்பள்ளியில் அப்போது 4 கணினிகள் இருந்தன. வரும்போதே லினக்ஸ் போட்டுத்தான் வந்தன. அந்த அறைக்குப் பொறுப்பு நான். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த காலத்தில் கணினியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. 5 நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள், போய்வந்தேன், சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு நாள் ராத்திரி இடி இடித்ததில் ஒரு கணினி போய்விட்டது. பழுது பார்க்க வந்த தம்பி மதர்போர்டை மாற்றினார். பழைய ஹார்ட் டிஸ்கையே திரும்ப மாட்டினார். திரை வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பார்த்தால் இன்டர்நெட் மட்டும் அந்த ஒரு கணினியில் வரவில்லை. மற்ற மூன்றிலும் வருகிறது. காலையில் அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். எதையும் நோண்டிப் பார்க்கிற கை. "நீ என்னத்தைத் தொட்டே?" என்று கேட்டேன். "ஒண்ணும் தொடலை டீச்சர், ஆன் பண்ணும்போது ஒரு வரி வந்துச்சு, எழுதி வச்சிருக்கேன்" என்று நோட்டை நீட்டினான். நான் வாங்கிப் பார்க்கவில்லை. வெளியே நிற்கச் சொன்னேன். பிறகு ஒரு மாதம் கணினி அறைக்குள் விடவில்லை.

பழுது பார்க்கும் தம்பி திரும்ப வந்தார். "லினக்ஸ்னாலே இப்படித்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அழித்து வேறு சிஸ்டம் போட்டுக் கொடுத்தார். இன்டர்நெட் வந்துவிட்டது. ஆக, லினக்ஸும் குற்றவாளி, பையனும் குற்றவாளி என்று என் மனதில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன்.

அந்த நோட்டில் என்ன எழுதியிருந்தான் என்பது எனக்குப் புரிந்தது போன மார்கழியில். 14 வருடம் கழித்து. அதற்கு வருவதற்கு முன்னால் நான் இந்த ஆறு மாதமாகத் தேடித் தேடிப் படித்த வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் அந்த ஒரு வரி விளங்கும்.

முதலில் 'டிரைவர்' என்கிற சொல். கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும், அச்சுப்பொறி, வைஃபை, நெட்வொர்க் கார்டு எல்லாவற்றுக்கும், அதனுடன் பேசத் தனியாக ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதுதான் டிரைவர். யானையை வாங்கினால் மட்டும் போதாது, அதற்குப் பழக்கிய சொற்கள் தெரிய வேண்டும். "நில்" என்று நாம் தமிழில் சொன்னால் நிற்காது, அதற்குத் தெரிந்த பாஷையில் பாகன் சொன்னால் நிற்கும். யானையை விற்கிறவன் அந்தச் சொற்களைச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போனால் என்ன ஆகும்? லினக்ஸின் 30 வருடச் சண்டை பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

அது லினக்ஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று ஒருவர். அவர்களிடம் இருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், அச்சுக்காகக் காத்திருக்கும் எல்லோருக்கும் திரையில் செய்தி போகிற மாதிரி அதன் மென்பொருளை அவர் திருத்தி வைத்திருந்தார். யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்துவிடுவார். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் புது லேசர் அச்சுப்பொறி ஒன்றைக் கொடுத்தது. அதுவும் அடிக்கடி சிக்கியது. ஆனால் இந்தத் தடவை மூல நிரல் கூட வரவில்லை. அதை வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டார். "யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்று அவர் மறுத்துவிட்டார். 1980 வாக்கில் நடந்தது இது. 1983 செப்டம்பர் 27 அன்று ஸ்டால்மன் 'க்னூ' என்ற பெயரில் யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். தாள் சிக்கியது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரே பல இடங்களில் இதை முன்னால் வைத்துத்தான் பேசியிருக்கிறார்.

அடுத்தது பின்லாந்து. லினஸ் டோர்வால்ட்ஸ், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், 21 வயது. 1991 ஜனவரியில் தவணையில் ஒரு 386 கணினி வாங்குகிறார். பல்கலைக்கழகக் கணினியுடன் மோடம் வழியாகப் பேச ஒரு சின்ன நிரல் எழுதத் தொடங்கி, அது வளர்ந்து வளர்ந்து இயங்குதளமாகிவிட்டது. அந்த ஆகஸ்ட் 25 அன்று அதைப் பற்றி ஊருக்குச் சொல்லும்போது, ஏ.டி. வகை ஹார்ட் டிஸ்க் தவிர வேறெதையும் இது ஆதரிக்காது, ஏனென்றால் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்ற பொருளில் எழுதினார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் இட்லிக் கடை வைக்கிறவர் "ஒரு தட்டு இட்லிப் பாத்திரம்தான் இருக்கு, அதுக்குத் தகுந்த மாதிரிதான் வியாபாரம்" என்று சொல்வது மாதிரி.

அவருக்கும் ஒரு விபத்து நடந்தது. மோடத்தை டயல் செய்யச் சொல்ல வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்குக்கு அனுப்பிவிட்டார். அவர் அதுவரை சார்ந்திருந்த மினிக்ஸ் என்ற சிஸ்டம் இருந்த பகுதி அழிந்துபோனது. மறுபடி மினிக்ஸைப் போடலாமா, அல்லது தான் எழுதியதையே முழுசாக்கி அதிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்து, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். லினக்ஸ் தன் காலில் நின்றதற்கு அந்தக் கை தவறியதும் ஒரு காரணம். அவர் கையைத் தட்டி வெளியே நிறுத்த அங்கே டீச்சர் யாரும் இல்லை.

ஆரம்பத்தில் லினக்ஸுக்கு நெட்வொர்க்கே கிடையாது. ராஸ் பீரோ என்பவர் முதல் நெட்வொர்க் நிரலை எழுதினார். பிறகு நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் கெம்பன் பொறுப்பேற்றார். அது தடுமாறியது. இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் காக்ஸ். அவர் இந்த லினக்ஸை எடுத்து, நெரிசலான கல்லூரி நெட்வொர்க்கில் போட்டு ஓட்டினார். வீட்டில் ஒருவர் ஓட்டும்போது தெரியாத பழுதெல்லாம் அங்கே வரிசையாக வெளியே வந்தது. விழ விழ ஒவ்வொன்றாகத் திருத்தினார். 1990-களின் நடுவில் லினக்ஸ் கணினியை ஆன் செய்தால் ஓடும் வரிகளில் 'ஸ்வான்சீ பல்கலைக்கழகக் கணினிச் சங்கம்' என்ற பெயர் வரும். ஒரு கல்லூரி மாணவர் மன்றத்தின் பெயர், உலகத்தில் எத்தனையோ கணினிகளில்! நம் பள்ளி இலக்கிய மன்றத்தின் பெயர் ராக்கெட்டில் எழுதியிருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

ராக்கெட் என்றதும் நாசா ஞாபகம் வருகிறது. நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் டொனால்ட் பெக்கர் என்பவர் இருந்தார். கடையில் கிடைக்கும் சாதாரணக் கணினிகளை ஒன்றோடொன்று கோத்து ஒரு பெரிய கணினியாக்க வேண்டும் என்று அவரும் தாமஸ் ஸ்டெர்லிங்கும் முயன்றார்கள். 1994-இல் 16 கணினிகளைக் கோத்தார்கள். பியோவுல்ஃப் என்று பெயர். அதற்கு மலிவான நெட்வொர்க் கார்டுகள் நன்றாக வேலை செய்தாக வேண்டும். பெக்கர் உட்கார்ந்து ஒவ்வொரு வகைக் கார்டுக்கும் டிரைவர் எழுதினார். அந்தக் காலத்தில் லினக்ஸில் ஓடிய ஈதர்நெட் டிரைவர்களில் மிகப் பல அவர் கை. நாசாவின் தேவைக்கு எழுதியது, எல்லா ஊர்க் கணினிக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்போது 'ஈத்' என்கிற சொல்லுக்கு வருகிறேன். ஈதர்நெட் என்பதன் முதல் எழுத்துகள் அவை. கணினிகளைக் கேபிளில் இணைக்கும் அந்த முறையை 1973-இல் பாப் மெட்காஃப் வகுத்தார், அதே ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். (ஸ்டால்மனுக்கு மூல நிரல் தராத அதே ஜெராக்ஸ்தான். ஒரே வீட்டில் எல்லா விதமும் பிறக்கும்.) லினக்ஸ் கணினி எழுந்திருக்கும்போது எந்த நெட்வொர்க் கார்டை முதலில் பார்க்கிறதோ அதற்கு ஈத்-0, அடுத்ததற்கு ஈத்-1. அவர்கள் எண்ணுவது சுழியத்திலிருந்து. இந்தப் பெயர்தான் நம் கதையின் முடிச்சு. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1995 ஆகஸ்ட் 15-இல் நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியது. தொலைபேசி வழியாக, கீச் கீச் என்று கத்தும் மோடம். 1990-களின் கடைசியில் மோடம் செய்கிறவர்கள் விலையைக் குறைக்க ஒரு தந்திரம் செய்தார்கள். மோடத்துக்குள் இருக்க வேண்டிய மூளையை எடுத்துவிட்டு, அந்த வேலையை விண்டோஸில் ஓடும் மென்பொருளிடம் தள்ளிவிட்டார்கள். 'வின்மோடம்' என்று பெயரே வந்துவிட்டது. லினக்ஸில் அது வெறும் தகரம். புதுக் கணினி வாங்கி ஆசையாக லினக்ஸ் போட்டவர்களுக்கு இன்டர்நெட் வராது. காரணத்தைத் தெரிந்துகொள்ள இன்டர்நெட் வேண்டும். குழந்தைகளே, இதைத்தான் நம் ஊரில் கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்பார்கள்.

வைஃபை வந்தபோது இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. பிராட்காம் என்ற நிறுவனத்தின் சில்லுகள் ஏராளமான லேப்டாப்களில் இருந்தன. லினக்ஸுக்கு டிரைவரும் கொடுக்கவில்லை, பேசும் சொற்களையும் வெளியிடவில்லை. வேடிக்கை என்னவென்றால், 2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் விற்கத் தொடங்கிய டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற நீல கறுப்பு ரவுட்டருக்குள் பிராட்காம் சில்லுடன் ஓடிக்கொண்டிருந்ததே லினக்ஸ்தான்! 2003-இல் அதைக் கண்டுபிடித்து ஒருவர் வெளியே சொன்னார். லினக்ஸின் உரிமப்படி அதைப் பயன்படுத்தி விற்றால் மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும். கேள்விகள் எழுந்தன, லிங்க்சிஸ் அதே வருடம் நிரலை வெளியிட்டது. அதை வைத்து 2004-இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்ற திட்டம் பிறந்தது. ஆனால் வைஃபை டிரைவர் பகுதி மட்டும் படிக்க முடியாத இயந்திர மொழியில் மூடியே இருந்தது.

அந்த மூடிய பகுதியை ஒரு குழு பிரித்துப் படித்தது. படித்ததை நிரலாக எழுதவில்லை. 'இந்த இடத்தில் இந்த எண்ணைப் போட்டால் சில்லு இப்படி நடக்கும்' என்று விளக்கமாக மட்டும் எழுதி வைத்தது. இன்னொரு குழு, மூல டிரைவரைக் கண்ணால் பார்க்காமல், இந்த விளக்கத்தை மட்டும் வைத்துப் புதிதாக டிரைவர் எழுதியது. காப்பி அடித்தோம் என்று யாரும் வழக்குப் போட முடியாது பாருங்கள். 2006 ஜூனில் வந்த 2.6.17 பதிப்பில் அது லினக்ஸுடன் சேர்ந்தது. அப்போதும் ஒரு சிக்கல். சில்லுக்குள் ஓடும் 'ஃபர்ம்வேர்' என்ற சின்ன நிரல் பிராட்காமின் சொத்து, அதைப் பகிரக் கூடாது. எனவே விண்டோஸ் டிரைவர் போன்ற கோப்பிலிருந்து அதை வெட்டி எடுக்க ஒரு தனிக் கருவி. பலர் வைஃபை வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டதற்குக் காரணம் இந்தக் கடைசிப் படிதான். 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த டிரைவர் கொடுத்தது.

2012-இல் ஃபின்லாந்தில் ஒரு கூட்டத்தில் என்விடியா நிறுவனத்தை நோக்கி டோர்வால்ட்ஸ் ஒரு சைகை செய்தார். அது என்ன சைகை என்று பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள், நான் எழுத மாட்டேன். 10 வருடம் கழித்து, 2022-இல், அந்த நிறுவனமும் தன் டிரைவரின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. கோபம் நியாயமானது, சைகை தேவையில்லை என்பது என் கட்சி.

எல்லாப் பழிக்கும் நிறுவனங்களே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். 2008-ஐப் பாருங்கள். இன்டெல் நிறுவனம் நல்ல பிள்ளை. தன் நெட்வொர்க் கார்டுகளுக்குத் தானே திறந்த டிரைவர் எழுதிக் கொடுத்தது. அந்த வருடம் செப்டம்பரில், லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளைப் போட்டுப் பார்த்தவர்களின் லேப்டாப்களில் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செத்துப்போயின. மென்பொருள் முடங்குவது வேறு. இங்கே கார்டின் உள் நினைவகமே அழிந்தது. வேறு எந்த சிஸ்டம் போட்டாலும் எழுந்திருக்காது.

எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது யாரை? அந்தக் கார்டின் டிரைவரை. நியாயம்தானே, செத்தது அவன் பொறுப்பில் இருந்த கார்டு. லினக்ஸ் வெளியீட்டாளர்கள் தங்கள் சோதனைப் பதிப்புகளில் அந்த டிரைவரையே நிறுத்தினார்கள். திரையை வரையும் பகுதியையும் சந்தேகப்பட்டார்கள். இன்டெல்காரர்கள் கார்டின் நினைவகத்தில் யாரும் எழுத முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். ஆனால் உள்ளே நுழைந்தது யார் என்று தெரியவில்லை.

அக்டோபரில் கண்டுபிடித்தார்கள். குற்றவாளி நெட்வொர்க் பக்கமே இல்லாத ஒருவன். லினக்ஸின் உள்வேலையைக் கண்காணிக்கப் புதிதாகச் சேர்த்திருந்த 'எஃப்டிரேஸ்' என்ற வசதி. அது நிரலில் தான் திருத்த வேண்டிய இடங்களை முகவரி போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளும். சில நிரல்கள் தொடங்கும்போது மட்டும் தேவை. பிறகு அவை காலிசெய்து போய்விடும். காலியான அந்த முகவரி நெட்வொர்க் கார்டின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டது. எஃப்டிரேஸ் தன் பழைய குறிப்பைப் பார்த்து அங்கே போய் எழுதியது. வகுப்பில் 'மூன்றாம் பெஞ்சு, ஓரம்' என்று பெயருக்குப் பதில் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தப் பையன் டி.சி. வாங்கிப் போனபிறகு அங்கே வந்து உட்கார்ந்த வேறு பிள்ளையை அடிப்பது மாதிரி. 2.6.27 பதிப்பு அக்டோபர் 9 அன்று வெளிவந்தது. 15 அன்று வந்த முதல் திருத்தத்திலேயே அந்த வசதியை நிறுத்தினார்கள்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அருகில் நின்றவன் என்பதற்காகச் சந்தேகப்படுவது எவ்வளவு சுலபம்! ஆனால் அவர்கள் தேடுவதை நிறுத்தவில்லை. நான் இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன்.

தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு வரி. அந்த வருடங்களில் எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது அரசுக் கணினிகளில் சூசே லினக்ஸ் வந்தது. 2007-இல் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது, சென்னையில்தான் அதன் வேலை நடந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் சேர்த்தே கொடுத்தார்கள். உங்களில் பலர் வாங்கியிருப்பீர்கள். எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தீர்கள்? எங்கள் தெருவில் வாங்கிய பிள்ளைகள் முதல் வாரமே அழித்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, தெரிந்திருக்க வேண்டிய நானே "லினக்ஸ் வேண்டாம்ப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, மார்கழிக்கு வருகிறேன். பேத்தி புது லேப்டாப் வாங்கியதால் பழையது என்னிடம் வந்தது. விண்டோஸ் நத்தை மாதிரி நகர்ந்தது. மகன் பென் டிரைவில் டெபியன் 12 போட்டு அனுப்பிவைத்தான். முன்பெல்லாம் டெபியன் போடும்போது வைஃபை கார்டுக்கு ஃபர்ம்வேர் இல்லை, வேறு பென் டிரைவில் கொண்டுவா என்று பாதியில் கேட்குமாம். 2022-இல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, திறந்த நிரலாக இல்லாவிட்டாலும் ஃபர்ம்வேரைக் கூடவே கொடுப்பது என்று முடிவுசெய்தார்கள். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று சிலருக்கு வருத்தம். என்னை மாதிரிக் கிழவிக்கு அதுதான் வழிவிட்டது.

அப்படியும் எனக்கு வைஃபை வரவில்லை. மகனைக் கூப்பிட்டால் அவன் வேலையில் இருந்தான். சரி, ஆசிரியர் பயிற்சியில் படித்த குறையறி சோதனையைச் செய்துபார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் முதலில் கண் தெரிகிறதா, பிறகு எழுத்து தெரிகிறதா, பிறகு கூட்டத் தெரிகிறதா என்று கீழிருந்து மேலே போவோம். நடுவில் குதிக்க மாட்டோம். கணினிக்கும் அதேதான். கருவி இருப்பது அதற்குத் தெரிகிறதா என்று 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்ற கட்டளை காட்டும். தெரிந்தது. டிரைவரும் ஃபர்ம்வேரும் ஏறினவா என்று 'டி-மெசேஜ்' சொல்லும். ஏறியிருந்தன. அதற்கு அடுத்து முகவரி கிடைத்ததா, ரவுட்டர் பதில் சொல்கிறதா, வெளியே போகிறதா, கடைசியில் பெயரைச் சொன்னால் முகவரி தெரிகிறதா. வெளியே போகிறதா என்று பார்க்க 'பிங்' என்று ஒன்று. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் ஒரே மாலையில் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயர். இன்றும் எல்லோரும் முதலில் அடிப்பது அதைத்தான்.

என் கணினி முகவரி வரைக்கும்கூடப் போகவில்லை. 'ஆர்.எஃப்.கில்' என்று ஒரு கட்டளை இருப்பதைப் படித்து அடித்தேன். மென்பொருளில் தடை இல்லை, வன்பொருளில் தடை உண்டு என்று வந்தது. லேப்டாப்பின் ஓரத்தில் அரிசி அளவில் ஒரு சுவிட்ச். பேத்தியின் ஸ்டிக்கர் ஒன்று அதை மூடியிருந்தது. தள்ளினேன், வைஃபை வந்தது. ஒன்றரை நாள் உழைப்பு! சிரிக்காதீர்கள், யாரையும் திட்டாமல் நானே கண்டுபிடித்தேன்.

அப்போதுதான் கேபிள் கார்டின் பெயரைப் பார்த்தேன். ஈத்-0 இல்லை. 'ஈ-என்-பி-2-எஸ்-0' என்று ஏதோ மருந்துப் பெயர் மாதிரி இருந்தது. எங்கள் பள்ளிப் பயிற்சியில் ஈத்-0 என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள், ஏன் மாற்றினார்கள் என்று தேடினேன்.

விஷயம் இதுதான். இரண்டு கார்டு இருந்தால் எது முதலில் கண்ணில் படும் என்பது ஒவ்வொரு தடவையும் மாறலாம். இன்று ஈத்-0 ஆக இருந்தது நாளை ஈத்-1 ஆகிவிடும். அதைத் தடுக்க 2000-களின் நடுவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் ரேஷன் கார்டு எண் மாதிரி ஒரு நிரந்தர எண் உண்டு. 'யூடெவ்' என்ற பகுதி அந்த எண்ணையும் பெயரையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். 'இந்த எண் உடையவர் ஈத்-0.' நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கோப்பு இருப்பது ஹார்ட் டிஸ்கில். மதர்போர்டை மாற்றினால் அதிலேயே ஒட்டியிருக்கும் நெட்வொர்க் கார்டும் மாறும், எண்ணும் மாறும். பழைய ஹார்ட் டிஸ்கோ இறந்துபோனவருக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கும். புதுக் கார்டு வந்தால் 'ஈத்-0 ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாயிற்று, நீ ஈத்-1' என்று சொல்லிவிடும். இன்டர்நெட்டுக்கான அமைப்பெல்லாம் ஈத்-0 பெயரில் எழுதியிருக்கும். கேபிள் சரி, கார்டு சரி, டிரைவர் சரி, ஆனால் இன்டர்நெட் வராது.

அப்படி நடக்கும்போது கணினி அதை மறைக்காது. எழுந்திருக்கும்போது 'யூடெவ்: நெட்வொர்க் இடைமுகம் ஈத்-0, ஈத்-1 எனப் பெயர் மாற்றப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடும்.

அந்த ஒரு வரிதான். நோட்டைக் கையில் வாங்கவில்லை என்றேனே, அவன் நீட்டியபோது கண்ணில் பட்டது. பென்சிலில், கோணல் ஆங்கில எழுத்தில், கடைசியில் 'ஈத்' என்று எழுதி ஒன்று என்ற எண். என்னவோ கிறுக்கியிருக்கிறான் என்று நினைத்தேன்.

சரிசெய்ய என்ன வேண்டும் தெரியுமா? அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஆன் செய்ய வேண்டும். இரண்டு நிமிஷம். இந்தத் தொல்லையெல்லாம் பலருக்கும் வந்ததால்தான் 2013-இல் 'சிஸ்டம்-டி' என்ற பகுதி பெயர் வைக்கும் முறையையே மாற்றியது. இப்போது கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயர். பி-2 என்றால் இரண்டாம் தடம், எஸ்-0 என்றால் சுழியாம் செருகுமிடம். அதே இடத்தில் புதுக் கார்டு வந்தாலும் பெரும்பாலும் அதே பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் ஏன் வந்தது என்று தெரிந்தபிறகு எனக்கு அதன்மேல் கோபம் இல்லை.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் மெஷின் பராமரிப்பு வேலை. என் பதிவுகளுக்கு விடாமல் விருப்பக் குறி போடுகிறவன், பெயர் சொல்ல மாட்டேன். தை பிறந்ததும் எண் வாங்கிப் பேசினேன். நடந்ததைச் சொல்லி, "தப்பு என்மேலதான்ப்பா, நீ சரியாத்தான் எழுதியிருந்தே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றான். "அன்னிக்கு முட்டை போடுற நாள். நான் உள்ளே வர்றதுக்குள்ள தீந்துபோச்சு."

ஈத்-1 அவனுக்கு ஞாபகம் இல்லை. முட்டைதான் ஞாபகம் இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தான், மனைவி குழந்தையோடு. அந்த லேப்டாப்பைக் காட்டினேன். ஓரத்தில் இருந்த சுவிட்சை என்னிடம் கேட்காமலே தள்ளிப் பார்த்தான். பிறகு அதை அவன் மகளுக்கே கொடுத்தனுப்பிவிட்டேன். இந்தப் பதிவை மகனின் பழைய கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறேன், அதிலும் டெபியன்தான். ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வரவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள், என்ன வரி வருகிறது என்று பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.